ஏசினதை ஏசினபடியே எழுதட்டும்

இலங்கையில் பொலிஸ் முறைப்பாடு ஒன்றின் பிரதியை வாசித்தவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடமாக இருக்கும்: ‘தூசண வார்த்தைகளால் ஏசினார்.’ கணவன் மனைவியை ஏசினாலும், அயல்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் ஏசினாலும், பஸ்ஸில் நடத்துனர் ஏசினாலும் எழுத்தில் விழுவது இந்த மூன்று சொற்கள்தான். பத்திரிகைக்குப் போனால் அது ‘தகாத வார்த்தைகள்’ ஆகிவிடும். ஏசியவர் என்ன சொன்னார், எத்தனை தரம் சொன்னார், யாரை வைத்துக்கொண்டு சொன்னார் என்பதெல்லாம் அதற்குள் மடிந்து போகும். எழுதுகிறவருக்குக் கூச்சம். சொல்கிறவளுக்கு அதைவிடக் கூச்சம். அப்படியே பழகிவிட்டோம்.

இப்போது அந்த வேலையை மென்பொருளிடமும் கொடுத்துவிட்டார்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் செயலிகளில் பல, தூசணம் என்று தாங்கள் வைத்திருக்கும் சொல் வந்ததும் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளைப் போடுகின்றன. சில அந்தச் சொல்லை அடியோடு விழுங்கிவிடுகின்றன. இது கூடாது என்பது என் கட்சி. சொன்னவரும் வாசிக்கப்போகிறவரும் கேட்காமல், கேட்டதை எழுத வந்த இயந்திரம் ஒரு சொல்லையும் மறைக்கக் கூடாது.

திருகோணமலையில் இருந்துகொண்டு ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுப்பது என் தொழில். ஆய்வு செய்யும் மாணவர்களின் நேர்காணல்கள், சட்டத்தரணிகளின் கட்சிக்காரர்கள் கொண்டுவரும் குரல் செய்திகள், ஊர் வரலாறு சேகரிக்கிறவர்கள் வயது போனவர்களிடம் எடுத்த பேச்சுகள் என்று பலதும் வரும். முந்தி ஹெட்போனை மாட்டி, ஒரு வசனம் கேட்டு, நிறுத்தி, எழுதி, பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டு, ஒரு மணித்தியாலப் பேச்சை முடிக்க ஒரு பகல் போய்விடும். இன்று முதல் வரைவை இயந்திரம் தந்துவிடுகிறது. நான் அதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறேன். கூகுள் 2017 ஓகஸ்ட் மாதம் குரல் தட்டச்சில் புதிதாகச் சேர்த்த 30 மொழிகளில் தமிழும் ஒன்று. அவர்களுடைய பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று நான்கு வகை தனித்தனியாக இருக்கின்றன. என் ஊர்ப் பேச்சையும் ஒருவன் கணக்கில் எடுத்திருக்கிறான் என்ற சந்தோஷம் எனக்கு உண்மையாகவே வந்தது. இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதனால்தான் இவ்வளவு அக்கறையாகச் சண்டை பிடிக்கிறேன்.

சம்பூர்ப் பக்கத்து முதிய பெண் ஒருவரின் பேச்சு அண்மையில் என் கைக்கு வந்தது. அந்தப் பகுதிச் சனம் 2006இல் போரால் ஊரை விட்டு ஓடியது. கிளிவெட்டி, பட்டித்திடல் என்று முகாம்களில் கிடந்து, 2015, 2016 அளவில் காணிகள் விடுபட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தது. அவர் சொல்வது முகாமில் இருந்த தகரக் கொட்டிலைப் பற்றி. “வெயிலுக்கு அந்தத் தகரம் கொதிக்கும் பிள்ளை. குழந்தைப்பிள்ளைய ஈரச்சீலையில சுத்தி வைச்சிருந்தனாங்க” என்கிறார். பிறகு, கொட்டில்களைப் பார்க்க வந்த ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். பதிவில் உள்ளபடியே தருகிறேன்: “அந்த வேசமகன் வந்து வந்து பேர் பதிஞ்சிட்டுப் போனவன். ஒரு தகரம் மாத்தித் தரேல்ல. குறை நினைக்காத பிள்ளை.”

ஒலியில் கேட்டால், அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பது கேட்கும். சொல்லுவோமா விடுவோமா என்று யோசித்து, சொல்லுவம் என்று முடிவெடுத்த மூச்சு. சொன்ன கையோடு, எதிரில் இருந்த பெண்பிள்ளையிடம் குறை நினைக்காதே என்று கேட்டுக்கொள்கிறார். இயந்திரம் தந்த வரைவிலோ அந்தச் சொல் நட்சத்திரமாகிவிட்டது, ‘குறை நினைக்காத பிள்ளை’ மட்டும் தப்பி நிற்கிறது. திருத்தாத அந்த வரைவை அவசரத்துக்கு வாங்கி வாசித்தவர், கிழவி அழுததற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டார். நட்சத்திரத்தை, ஒலி தெளிவில்லாத இடம் என்று நினைத்தாராம். அழாத ஒரு மனுசி காகிதத்தில் அழுதுகொண்டிருந்தார். அவருடைய கோபத்தைக் காணவில்லை. பத்து வருசம் தகரத்துக்குள் அவிந்தவர், தன் வாழ்க்கையை யாரோ பதிவு செய்ய வந்த அன்று, எண்ணி எடுத்துப் போட்ட ஒரேயொரு கடும் சொல் அது.

மேலே அந்தச் சொல்லை நான் முழுதாகவே எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டால் நானும் இயந்திரம் செய்ததையே செய்கிறேன் என்று ஆகும்.

சொல்லைப் பிடித்து மறைக்கும் இந்த வடிகட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை தானாக முளைத்தவை அல்ல, யாரோ ஒருவர் எடுத்த முடிவுகள். மைக்ரோசொஃப்ட்டின் அஷூர் பேச்சுச் சேவையில் மூன்று தெரிவுகள் இருக்கின்றன: மறைப்பது, நீக்குவது, அப்படியே விடுவது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது மறைக்கும். கூகுளின் மேகச் சேவையில் வடிகட்டியை நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். போட்டால், சொல்லின் முதல் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை நட்சத்திரமாக்கும். அமேசானின் சேவையில், எந்தச் சொற்களைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியலைப் பாவிப்பவரே கொடுக்கலாம். பிடித்த சொல்லை மறைக்கலாம், நீக்கலாம், அல்லது அப்படியே விட்டுவிட்டு அதற்கு ஓர் அடையாளம் மட்டும் இடலாம். இந்தக் கடைசி வழியை நினைவில் வைத்திருங்கள், பிறகு அதற்கு வருகிறேன். ஆண்ட்ரோயிட் போனில் கூகுளின் குரல் தட்டச்சிலும் புண்படுத்தும் சொற்களைத் தடுக்கும் பொத்தான் ஒன்று செற்றிங்ஸுக்குள் உண்டு. அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

இவற்றில் மிக மோசமானது நீக்குவது. நட்சத்திரம் என்றால் இங்கே ஏதோ இருந்தது என்றாவது தெரியும். நீக்கினால் வசனம் இரண்டு பக்கத்தாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஏச்சு இருந்த இடம் மூடி, அதன்மேல் புல்லும் முளைத்துவிடும். திருத்துகிறவர் ஒலியைக் கேட்காமல் வாசித்தால் ஒன்றுமே பிடிபடாது.

இனி, எந்தச் சொல் தூசணம் என்பதை யார் சொல்வது? தமிழுக்குள் நுழைந்தால் இந்த வடிகட்டிகள் தடுமாறும் இடம் இது. சென்னையில் ‘மயிர்’ என்று சொன்னால் சண்டை வரும். எங்களுக்குத் தலையில் இருப்பது தலைமயிர், அதை வெட்டுவதற்குத்தான் சலூனுக்குப் போகிறோம். அங்குள்ள வழக்கை வைத்துச் செய்த பட்டியல் ஏகாம்பரம் வீதிச் சலூனில் நடக்கும் மரியாதையான பேச்சைக் கிழித்துவிடும். திருக்குறளின் 969ஆவது குறள் ‘மயிர்நீப்பின்’ என்று தொடங்குகிறது. வள்ளுவருக்கும் நட்சத்திரம் போட வேண்டியதுதான். இன்னொன்று: ஆறு பெரும்பொழுதுகளை ஒரு பிள்ளை பாடமாக்கிச் சொல்கிறது என்று வையுங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இரண்டாவது பருவத்தின் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் என்ன சொல் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எழுத்தைப் பார்த்து வெட்டும் வடிகட்டி அந்தப் பருவத்தையே வெட்டும். ஆங்கிலத்தில் இது பழைய கதை. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் சேவையில் கணக்குத் திறக்க முடியாமல் நின்றார்கள். ஊரின் பெயருக்குள் ஒரு தூசணம் ஒளிந்திருந்ததுதான் காரணம். தமிழிலோ ஒரு சொல்லின் வாலில் வேற்றுமை உருபும் விகுதியும் இடைச்சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டே போகும். முழுச் சொல்லை மட்டும் பிடி என்றால் பாதி தப்பும். உள்ளே இருப்பதையும் பிடி என்றால் அப்பாவிச் சொற்கள் மாட்டும்.

அதற்கு மேல், திருகோணமலைக்காரன் ஒரு மொழியில் ஏசுவதில்லை. சந்தையில் இரண்டு தமிழ்ப் பெடியள் வாக்குவாதப்பட்டால் ஏச்சில் கால்வாசி சிங்களமாக இருக்கும். தமிழுக்கு வைத்த செயலி அந்தச் சிங்களச் சொல்லைக் கேட்டு, ஒலிக்குக் கிட்டவான ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைக்கும். ஒருமுறை அந்த இடத்தில் ஒரு காய்கறியின் பெயர் வந்து நின்றது. கிண்ணியாவில் பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடும் உம்மா ‘முசீபத்து’ என்பார். எங்கள் வீடுகளில் அதே இடத்தில் ‘சனியன்’ வரும், ‘கோதாரி’ வரும், ‘மூதேவி’ வரும். இதெல்லாம் ஏச்சா, கொஞ்சலா? கேட்கிற காதுக்குத் தெரியும். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்தில் பதிவு செய்தவற்றில் நான் கேட்டிருக்கிறேன்: ‘மச்சான்’ என்று கூப்பிட்டுப் பின்னால் ஒரு தூசணத்தையும் சேர்த்தால்தான் அது நெருங்கின சிநேகிதன். வெறும் ‘தம்பி’ என்று கூப்பிட்டால் ஏதோ கோபம். தமிழில் புண்படுத்தும் எழுத்தை அடையாளம் காண ஆய்வாளர்கள் தரவு சேர்க்கிறார்கள். 2021இல் திராவிட மொழித் தொழில்நுட்பப் பட்டறை ஒன்றில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றுக்கும் இதற்கென்று போட்டியே நடந்தது. நல்ல முயற்சி. ஆனால் அந்தத் தரவு யூரியூபில் எழுதப்பட்ட கருத்துகளில் இருந்து வந்தது. கருத்து எழுதுகிறவரின் தமிழ் வேறு, வலை இழுக்கிறவரின் தமிழ் வேறு.

எந்தப் பட்டியலிலும் சேராத ஏச்சுகள்தான் உண்மையில் கொல்லும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து ‘அறுதலி’ என்று சொல்வதைவிடக் கொடுமையான சொல்லை நான் கேட்டதில்லை. எந்த வடிகட்டியும் அதைத் தொடாது. சாதிப் பெயரை ஏச்சாக எறிகிறவர்களின் பேச்சும் அப்படியே கடந்து போகும், ஏனென்றால் அது ‘பெயர்’. ‘உன்ர வீட்டில விளக்கெரியாது’ என்பதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. இடுப்புக்குக் கீழே உள்ள உறுப்புகளின் பெயரைக் கண்டால் முகம் சுளிக்கும் கருவி, மனிதரை மனிதர் நசுக்கும் சொற்களை ஒழுங்காக எழுத்துப் பிழை இல்லாமல் எழுதித் தருகிறது. எனக்கு இது தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

காது கேளாதவர்களை இந்தப் பேச்சில் நாம் மறந்துவிடுகிறோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு இளைஞர் இருக்கிறார், பிறவியிலேயே காது கேளாது. மோட்டார் சைக்கிள் திருத்துவதை யூரியூப் பார்த்தே பழகியவர். இங்கிலிசில் ஓடும் தானியங்கி வசனவரிகளை வாசித்துக்கொண்டு எஞ்சினைக் கழற்றுவார். அந்த வசனவரியில் இடையிடையே சதுர அடைப்புக்குள் ஒரு கோடு வரும். என்னிடம் போனைக் கொண்டுவந்து, இதற்குள் என்ன என்று எழுதிக் கேட்டார். இறுகிப் போன ஆணி கழலாமல் அந்த வெள்ளைக்காரர் ஏசியதுதான். நான் எழுதிக் காட்டினேன். அவர் திருப்பி எழுதினார்: “முகத்தைப் பார்க்கவே விளங்கினது. எழுத்தில மட்டும் ஏன் ஒளிக்கினம்?” அதே காணொளியை நான் பார்த்தால் அந்தச் சொல் என் காதில் விழும். ஒருவரும் என்னைக் கேட்டுத் தடுக்கவில்லை. அந்தக் கோட்டை மாற்றும் பொத்தானும் காணொளி போட்டவரின் கையில்தான் இருக்கிறது. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் நிகழ்ச்சி ஒன்றின் வசனவரிகளில் பேசிய சொற்கள் விடுபட்டும் ஏச்சுகள் மறைக்கப்பட்டும் இருப்பதாகக் காது கேளாத பார்வையாளர்கள் முறைப்பட்டார்கள். நிறுவனம் குறை இருப்பதை ஏற்றுத் திருத்துவதாகச் சொன்னது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2014இல் தொலைக்காட்சி வசனவரிகளுக்கு வகுத்த தர விதிகளில் துல்லியம் ஒன்று. பேசியது எதுவோ அதுவே எழுத்தில் இருக்க வேண்டும். வளர்ந்த மனிதருக்குக் காது கேளாது என்பதற்காக அவரைக் குழந்தைப்பிள்ளை போல நடத்தக் கூடாது என்பதுதான் இதன் அர்த்தம்.

என் அம்மப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ‘மடையா’ என்று கூட ஒருவரையும் சொல்லாதவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் போனது. சில கிழமைகளுக்குப் பிறகு திரும்பி வந்தவை இரண்டு: ‘ஓம்’ என்பதும், நாங்கள் யாரும் அவர் வாயில் கேட்டிராத ஒரு பச்சைத் தூசணமும். அம்மாவும் சித்தியும் வெட்கத்தில் குறுகிப் போனார்கள். பார்க்க வருகிறவர்களை அறைக்கு வெளியிலேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள்.

மூளையின் மொழிப் பகுதி அடிபட்டவர்களுக்கு இது புதுமை இல்லை. யோசித்துக் கோத்துப் பேசும் வசனங்கள் அழிந்த பிறகும், எண்ணாமல் வாயில் வரும் பேச்சு, அதாவது வணக்கம், எண்கள், பாட்டின் வரி, ஏச்சு, பலரிடம் எஞ்சி நிற்கும். பிரெஞ்சு வைத்தியர் ப்ரோக்கா 1861இல் விவரித்த லெபோர்ன் என்ற நோயாளி எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்ற ஒலியைத்தான் சொல்வார். கோபம் வந்தால் மட்டும் கடவுளின் பெயரை இழுத்து ஒரு முழு ஏச்சு வரும். அந்த நோயாளியின் மூளையைப் பார்த்துத்தான் பேச்சுக்கு மூளையில் இடம் எது என்று ப்ரோக்கா சொன்னார். அம்மம்மா ப்ரோக்காவை அறியாதவர். ஆனால் அந்த ஒரு தூசணம் எந்த ராகத்தில் வருகிறது என்பதை வைத்தே தண்ணீர் வேணுமா, திரும்பிப் படுக்க வேணுமா, ஃபேனை நிற்பாட்ட வேணுமா என்று அவர் பிரித்தறிந்தார். அம்மப்பா போன்ற ஒருவருக்குப் பேச்சை எழுத்தாக்கும் கருவியைக் கொடுத்து வடிகட்டியையும் போட்டுவிட்டால் திரையில் என்ன இருக்கும்? ‘ஓம்’ மட்டும்.

மறுபக்கத்து வாதத்தில் ஒன்றை நான் மதிக்கிறேன். இயந்திரம் தவறாகக் கேட்கும். பல்செட் போட்ட பெரியம்மா ஒருவர் மருமகனுக்கு வட்ஸ்அப்பில் குரலால் எழுதுகிறார் என்று வையுங்கள். அவர் சொன்னது ஒன்று, கருவிக்குக் கேட்டது இன்னொன்று, மருமகனின் போனில் விழுந்தது ஒரு தூசணம். பெரியம்மா அதைத் திருப்பி வாசித்துப் பார்ப்பவரும் இல்லை. அந்த மானக்கேட்டைத் தடுக்கத்தான் வடிகட்டி என்கிறார்கள். தமிழுக்குப் பிழை இன்னும் அதிகம் என்பதால் எங்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. நல்ல கருவிகளும் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உண்டு. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவியைப் பற்றி 2024இல் வந்த ஒரு ஆய்வு, பரிசோதித்த ஆங்கிலத் துண்டுகளில் ஏறத்தாழ 1 சதவீதத்தில் பேசப்படாத முழு வசனங்கள் முளைத்திருந்ததைக் காட்டியது. அப்படி முளைத்தவற்றில் 38 சதவீதம் வன்முறை போன்ற தீங்கான விசயங்கள். ஆனால் இதில் பாருங்கள்: தானாக முளைக்கிற அந்த வசனங்களைத் தூசண வடிகட்டி தடுக்கவே தடுக்காது, ஏனென்றால் அவற்றில் பலவற்றில் தூசணம் இருக்கத் தேவையில்லை. பிழையாகக் கேட்பது நோய் என்றால், சொல்லை மறைப்பது அதற்கு மருந்து ஆகாது.

எனக்குச் சரியாகப் படுவது அந்த அடையாளம் இடும் வழி. சொல் சொல்லாகவே நிற்கட்டும். கருவிக்குச் சந்தேகம் என்றால் கீழே ஒரு கோடு போட்டு, அனுப்புவதற்கு முன், இதைத்தான் சொன்னீர்களா என்று கேட்கட்டும். பெரியம்மா தன் போனில் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தால் வடிகட்டியைப் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகளின் போனில் பெற்றோர் போடட்டும். அது அவரவர் வீடு. முதல் தரம் செயலியைத் திறக்கும்போதே வெளிப்படையாகக் கேட்டால் போதும். ஆனால் ஏற்கெனவே ஒருவர் பேசி முடித்த ஒலிப்பதிவு வேறு விசயம். அதை எழுத்தாக்கும்போது வடிகட்டி தானாக வேலை செய்யவே கூடாது. அது நடந்து முடிந்த ஒன்றின் சாட்சி.

சாட்சி என்று நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்ட பிறகு, சொற்களால் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாகக் கொள்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. தொடர்ந்து இழிவுபடுத்தி அவமானப்படுத்தும் பாரதூரமான நடத்தையும் அதற்குள் வருகிறது. பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒலிப்பதிவுகளைச் சான்றாக ஏற்க 1995இன் 14ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அப்படியென்றால் குற்றம் எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘இழிவுபடுத்தினார்’ என்பதை நிரூபிக்க வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரத்தை வைத்தால், ஏசியவரின் சட்டத்தரணி எழுந்து, என் கட்சிக்காரர் ‘கழுதை’ என்றுதான் சொன்னார் என்பார். வடிகட்டியால் நன்மை பெறுகிற ஒரே ஆள் ஏசியவர்தான்.

சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ஐயா ஒருவர், நல்ல மனுசன், என்னிடம் ஒருநாள் சொன்னார்: “பொம்பிளைப் பிள்ளை நீங்கள், இந்த ஊத்தையெல்லாம் காதில போட்டு எழுதத்தான் வேணுமோ? அது தானா மறைச்சுத் தந்தா நல்லதுதானே.” என்மேல் உள்ள அன்பில் சொன்னது அது. நான் அவரிடம், “ஐயா, இது எனக்குச் சொன்னதில்லை, அந்த அக்காவுக்குச் சொன்னது. அவ மூண்டு வருசமாக் கேட்டிருக்கிறா. நான் ஒருக்காக் கேட்டா ஒண்டும் குறைஞ்சு போகாது” என்றேன். பெண்கள் ஏச்சு வாங்குவதில் இருந்து அவர்களைக் காப்பாற்ற யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. ஏச்சை ஒரு பெண் எழுதிவிடாமல் காப்பாற்றத்தான் எல்லோருக்கும் அவசரம். இந்த மரியாதை எங்கள் ஊரில் நெடுநாளாக இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கணினிக்குள்ளும் வைக்க வேண்டாம்.

அந்த அக்கா கொண்டுவந்தது கணவனின் குரல் செய்திகள். ஒன்று இரண்டில்லை, போனில் விரல் தேயத் தேய மேலே போய்க்கொண்டே இருந்தன. இயந்திரம் தந்த வரைவைத் திறந்து காட்டினேன், பக்கம் முழுக்க நட்சத்திரம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதைப் பார்த்தா இவர் ஒண்டும் பெரிசாச் சொல்லேல்ல எண்ட மாதிரிக் கிடக்கு” என்றார். நான் வடிகட்டியை நிறுத்திவிட்டு முதலில் இருந்து மறுபடி ஓடவிட்டேன். பிறகு ஒவ்வொரு செய்தியையும் ஒலியோடு வைத்து, திகதி நேரத்தோடு, அவர் பக்கத்தில் இருக்கத் திருத்தினேன். சில சொற்களை நான் பிழையாக எழுதினபோது அவரே எழுத்துக் கூட்டித் திருத்தினார். அப்போது அவர் குரல் நடுங்கவில்லை.

வேலை முடிந்து பிரதி எடுக்கும்போது ஒன்று கேட்டார். சட்டத்தரணிக்குப் போகிற கொப்பியில் ஒரு சொல்லும் விடுபடக் கூடாது. ஆனால் மூதூரில் இருந்து அவருடைய அண்ணன் வருவாராம், அவரும் வாசிக்கக் கேட்பாராம். “அண்ணன்ட கையில குடுக்கிறதில மட்டும் அந்தச் சொல்லுகளை வெட்டி விடுங்கோ தங்கச்சி. அவர் தாங்கமாட்டார், நேர போய்ச் சண்டை பிடிப்பார்.” எந்தெந்தச் சொல் என்று அவரே ஒரு பேனையால் வட்டமிட்டுத் தந்தார். இரண்டு பிரதி எடுத்தோம். அண்ணனுக்கான பிரதியின் முதல் பக்கத்தில், இதில் சில சொற்கள் என் விருப்பப்படி மறைக்கப்பட்டுள்ளன என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.